நடிக்கிறார் என்றே தெரியாத அந்த ஒரு நொடி: பார்த்தவர்களும் பட்டவர்களும் எழுதுங்கள்

பின்வரிசை

மாஸ்கோவில் மருத்துவம் படித்த காலம். ரஷ்ய மொழி எனக்கு வகுப்புக்கும் காய்கறிக் கடைக்கும் போதுமான அளவுதான் வரும். கூடப் படித்தவன் கடைசி நேரத்தில் வரமுடியாமல் டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டான். செகாவின் ‘வான்யா மாமா’ நாடகம். கதை உங்களுக்குத் தெரியும், நேரே நாலாவது அங்கத்துக்கு வந்துவிடுகிறேன்.

பேராசிரியரும் அவர் மனைவி எலேனாவும் கிளம்பிப் போயாயிற்று. எலேனாமேல் மனசு போயிருந்த டாக்டர் ஆஸ்ட்ரோவும் கிளம்பவேண்டும், ஆனால் கால் எழவில்லை. சுவரில் ஆப்பிரிக்கா வரைபடம் ஒன்று தொங்குகிறது. அந்த வீட்டில் அது யாருக்கும் தேவைப்படாத பொருள் என்று செகாவே எழுதிவைத்திருக்கிறார். ஆஸ்ட்ரோவாக நடித்தவர் அதன் முன்னால் போய் நின்றார். இப்போது அந்த ஆப்பிரிக்காவில் வெயில் பயங்கரமாகக் கொளுத்தும் என்றார். அவ்வளவுதான் வசனம். குரல் நடுங்கவில்லை, கண் கலங்கவில்லை, நம் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏதோ ஒரு ஊரின் பெயரை வாசிக்க முயல்கிறவர் மாதிரி கொஞ்சம் குனிந்து பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாதிதான் புரிந்திருந்தது என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.

மேடையிலும் திரையிலும் எத்தனையோ பேர் கதறி அழுவதைப் பார்த்தாயிற்று. ஒன்றும் இப்படி ஒட்டவில்லை. அந்த மனிதர் அங்கே என்னதான் செய்தார்? உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி

அண்ணா, அந்த வரைபட இடத்துக்கு ஒரு கதை உண்டு. 1899-இல் மாஸ்கோ கலை அரங்கில் அந்த நாடகம் போட்டபோது ஆஸ்ட்ரோவாக நடித்தது ஸ்தனிஸ்லாவ்ஸ்கியேதான், அந்த அரங்கை நடத்தியவர், நடிப்புப் பயிற்சிக்கு ஒரு முறையே வகுத்தவர். எலேனாவாக நடிகை ஓல்கா நிப்பர். எலேனாவிடம் விடைபெறும் காட்சியில் ஆஸ்ட்ரோவ் காதலில் துடிக்கிறவனாக இருக்கவேண்டும் என்று ஒத்திகையில் பேச்சு வந்திருக்கிறது. நிப்பர் இதைக் கடிதத்தில் கேட்க, தப்பு, ஆப்பிரிக்க வெயிலைப் பற்றிப் பேசுகிற அதே தொனியில்தான் அவளிடமும் பேசுகிறான், முத்தம்கூடச் சும்மா வேறு வேலை இல்லாமல் கொடுப்பதுதான் என்று செகாவ் பதில் எழுதினார். நீங்கள் பார்த்த நடிகர் அந்தக் கடிதத்தைப் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

என் கதை சின்னது. கல்லூரி நாடகக் குழுவில் நான் ஒலி. செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ போட்டோம். எங்கள் டைரக்டருக்கு எல்லாம் நிஜமாக இருக்கவேண்டும். ஊருக்கு வெளியே ராத்திரி போய்ச் சில்வண்டுச் சத்தம் பதிவு செய்யச் சொன்னார், தவளையும் வேண்டும் என்றார். செய்தேன். நாடகத்தன்று ரானேவ்ஸ்கயாவாக நடித்த பெண் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்து வாயைத் திறக்கிறாள், சில்வண்டு அவளை முழுங்கிவிட்டது. மூன்றாவது வரிசைக்குமேல் ஒரு சொல்லும் போகவில்லை. ஒலியைக் குறைக்கப்போனால் டைரக்டர் பக்கவாட்டுத் திரைக்குள்ளிருந்து கையைத் தூக்கித் தூக்கி ‘ஏத்து, ஏத்து’ என்கிறார். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

செகாவுக்கு இதே தலைவலி இருந்தது. 1898-இல் தன் ‘கடற்பறவை’ நாடகத்தின் ஒத்திகைக்கு வந்தவரிடம், திரைக்குப் பின்னால் தவளை கத்தும், நாய் குரைக்கும் என்று ஒரு நடிகர் பெருமையாகச் சொல்ல, எதற்கு என்று கேட்டார். நிஜம் போல இருக்கும் என்றார் நடிகர். ஓவியர் கிராம்ஸ்கோய் வரைந்த முகப் படத்தில் மூக்கை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஒரு நிஜ மூக்கை வைத்தால் மூக்கு நிஜம்தான், படம் கெட்டுவிட்டதே என்றாராம் செகாவ். அதில் நடித்த மேயர்ஹோல்ட் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ‘செர்ரித் தோட்ட’த்திலும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தவளையும் பறவையும் கேட்டபோது, புல் அறுக்கும் பருவத்தில் தவளை கத்தாது என்று செகாவ் காலண்டர் பார்த்து மறுத்தார்.

நிழல்

எனக்குத் தலைகீழ் அனுபவம். ‘பட்டவர்கள்’ என்று தலைப்பில் இருப்பதால் எழுதுகிறேன்.

ஒரு நடிப்புப் பயிற்சி முகாம். ஊர், பெயர் எதுவும் வேண்டாம். ரஷ்ய முறை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இரண்டாம் நாளே ஒரு பெண்ணை நடுவில் கதிரையில் உட்காரவைத்து, உன் வாழ்க்கையிலேயே மோசமான நாளுக்குப் போ என்றார் பயிற்சியாளர். அந்த அறையில் என்ன வாசனை, சுவரில் என்ன நிறம், யார் கையைப் பிடித்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அவள் அப்பா இறந்த மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அழுகை ஆரம்பித்தது, அது நடிப்புக்கான அழுகை இல்லை. உடம்பே குலுங்கியது. அவர் சொன்னது இதுதான்: ‘அருமை. விட்டுடாதே, அப்படியே பிடி. இப்போ டயலாக் சொல்லு.’

அவள் சொன்னாள். வசனம் ஏதோ கல்யாண வீட்டுச் சண்டை. நாங்கள் கைதட்டினோம். அவள் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தாள், யாரும் பின்னால் போகவில்லை, இடைவேளை இல்லை, அடுத்த ஆள் கதிரைக்கு வந்தாயிற்று.

அவள் அன்று நடித்தது நன்றாக இருந்ததா என்பதே இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

தாடித் தோழர்

நிழல், நீங்கள் சொல்வது ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே இல்லை. அவர் பெயரை ஒட்டிய வேறு சரக்கு. இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பத்தில்தான் பாதிப் பயிற்சிக் கடைகள் பிழைக்கின்றன.

உணர்ச்சி நினைவு, அதாவது தன் வாழ்க்கையில் பட்டதை நினைவில் எழுப்பி அந்த உணர்ச்சியை மேடைக்குக் கொண்டுவருவது, என்ற எண்ணத்தை அவர் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவிடமிருந்து எடுத்துக்கொண்டார், பரிசோதித்தார், உண்மை. கலை அரங்கு 1912-இல் ஆரம்பித்த முதல் ஸ்டூடியோ என்ற பயிற்சிக் கூடத்தில் அது ஒரு முக்கியமான பயிற்சி. அந்த ஸ்டூடியோவில் வளர்ந்தவர்கள்தான் பொலஸ்லாவ்ஸ்கியும் மரியா ஊஸ்பென்ஸ்கயாவும். கலை அரங்கு 1923-இல் அமெரிக்காவுக்குப் போனது. அந்தச் சமயத்தில் இவர்கள் நியூயார்க்கிலேயே தங்கி நடிப்பு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தவர்களில், பின்னால் பெரிய நடிப்பு ஆசிரியர்களான லீ ஸ்ட்ராஸ்பெர்க்கும் ஸ்டெல்லா அட்லரும் உண்டு. ஆக அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது 1910-களின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. மாஸ்கோவில் இருந்த நிஜ ஆளோ அதைவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்.

1931-இல் நியூயார்க்கில் குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழு, இருவரும் அதில். ஸ்ட்ராஸ்பெர்க் இந்த நினைவுப் பயிற்சியை வைத்து எல்லோரையும் பிழிகிறார். அட்லருக்குத் தாங்கவில்லை. 1934-இல் பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பிடித்து, சில வாரங்கள் அவரோடு உட்கார்ந்து வேலை செய்தார். திரும்பி வந்து குழுவிடம் சொன்னார்: முதலில் சூழ்நிலை, பாத்திரம் என்ன செய்கிறது, கற்பனை, சொந்தத் துக்கத்தைத் தோண்டுவது கடைசி வழி. ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை. அந்தப் பிளவு இன்னும் மூடவில்லை. மார்லன் பிராண்டோவை எல்லோரும் ஸ்ட்ராஸ்பெர்க் கணக்கில் எழுதுவார்கள், அவர் தன் ஆசிரியர் என்று சொன்னது அட்லரை.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் புத்தகங்களும் சதி செய்தன. உள்மனப் பயிற்சி பற்றிய பாகம் ஆங்கிலத்தில் 1936-இல் வந்துவிட்டது. உடல், குரல், பேச்சு பற்றிய பாகம் 1949-இல்தான் வந்தது. பதின்மூன்று வருடம் பாதிப் புத்தகத்தை வைத்தே ஒரு மதம் உருவாகிவிட்டது!

சரி, உங்களுக்கு நான் சொல்லவருவது. எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒருவர் உடைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வந்த வழியே திரும்புங்கள். பயிற்சியாளர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். ரஷ்யாவில் ஒரு விழாவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டவர்களெல்லாம் ரஷ்ய முறை ஆசிரியர் ஆகிவிடுகிறார்கள். ஒரு வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். அப்புறம், தினமும் குரலுக்கு அரைமணி, உடம்புக்கு அரைமணி. மூச்சு இல்லாத நடிகனுக்கு உணர்ச்சி இருந்தும் பயனில்லை. நாட்குறிப்பு எழுதுங்கள். பேருந்தில் ஆட்களைப் பாருங்கள், ஆனால் முறைக்காதீர்கள்.

என் அனுபவம்: ஒருமுறை ஒத்திகையில் எங்கள் டைரக்டர் பின்னாலிருந்து ‘நம்பலை’ என்று கத்தினார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி கத்துவாராமே, அது. பயந்துபோய் வசனத்தை மறந்தேன். அப்போது நம்பிவிட்டார்.

ஸ்கார்பரோ அக்கா

தாடித் தோழருக்கு: அனுபவம் நாலு வரி, அறிவுரை நாற்பது வரி. நிழல் கேட்டது அறிவுரை இல்லை.

நான் டொராண்டோவில் இரவு வகுப்புக்குப் போனேன். வேலை முடிஞ்ச களைப்போட. மைஸ்னர் என்ற அமெரிக்க நடிப்பு ஆசிரியரின் முறை. அவரும் அந்தக் குரூப் தியேட்டர் ஆள்தான், ஆனால் சொந்தத் துக்கத்தைக் கிண்டச் சொல்லுறதில்லை. எதிரில இருக்கிற ஆளைப் பார் என்பதுதான் முழுப் பாடமும். இரண்டு பேர் எதிரெதிரே கதிரை போட்டு இருக்கவேணும். ஒருத்தர் மற்றவரில் கண்டதைச் சொல்லவேணும், மற்றவர் அதையே திருப்பிச் சொல்லவேணும். ‘நீ நீலச் சட்டை போட்டிருக்கிறாய்.’ ‘நான் நீலச் சட்டை போட்டிருக்கிறேன்.’ இப்படியே. விசர் வேலை என்றுதான் முதலில் நினைச்சன்.

எனக்கு வாய்ச்ச ஆள் ஒரு வயசான போலந்துக்காரர், லொறி ஓடினவர். நீலச் சட்டை, நீலச் சட்டை என்று போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று அவர் ‘நீ என்னைப் பார்க்கவில்லை’ என்றார். ‘நான் உங்களைப் பார்க்கவில்லை’ என்றேன், விதிப்படி. ‘நீ என்னைப் பார்க்கவில்லை.’ ‘நான் உங்களைப் பார்க்கவில்லை.’ அஞ்சாவது தடவையோ ஆறாவது தடவையோ எனக்குக் கோபம் வந்திட்டுது. சொல் அதேதான், ஆனால் குரல் என்ரதாக இல்லை. அம்மாவோட சண்டை பிடிக்கிற குரல். அவரும் முன்னுக்குச் சாய்ந்தார். டீச்சர் அந்த இடத்திலேயே நிறுத்தினார். ‘இது காணும், தண்ணி குடிச்சிட்டு வாங்கோ’ என்றார்.

நிழல், நான் இதை எழுதுறதே அந்த ‘நிறுத்தினார்’ என்ற சொல்லுக்காகத்தான். நிறுத்தத் தெரிஞ்ச ஆட்களும் இருக்கினம்.

இந்த மைஸ்னர் வழி இந்தியாவுக்கும் போயிருக்கு. அவரிட்ட நியூயார்க்கில் படிச்ச ரோஷன் தனேஜாதான் புனே திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பிரிவை நடத்தினவர். ஷபானா ஆஸ்மி, நசிருதீன் ஷா எல்லாம் அவரிட்டப் படிச்ச ஆக்கள்.

மேடைமணி

தோழர் ஸ்ட்ராஸ்பெர்க்கை அரக்கனாக்கிவிட்டார். இது எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கம். அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி தசைகளைத் தளர்த்துவதும், கையில் இல்லாத காபிக் கோப்பையின் சூட்டையும் கனத்தையும் விரலில் தேடுவதும்தான். அந்த மனிதர் தானே நடித்தும் காட்டினார்: ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில் ஹைமன் ராத். எழுபது வயதை ஒட்டி நடித்த அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. அல் பசினோவோடு அவர் சோபாவில் உட்கார்ந்து பேசுவதைப் பாருங்கள். எங்கேயாவது பிழிகிறாரா? மோசமான பயிற்சியாளர் எந்தப் பெயரைச் சொல்லியும் மோசமாகத்தான் இருப்பார்.

ஒலிப்பெட்டிக்கும் ஒன்று. செகாவ் சரி, ஸ்தனிஸ்லாவ்ஸ்கி சத்தப் பைத்தியம் என்று சொல்வது ரொம்ப சுலபம். அதே ‘கடற்பறவை’ 1896-இல் பீட்டர்ஸ்பர்கில் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் விழுந்தது, செகாவ் இனி நாடகமே எழுதமாட்டேன் என்ற நிலைக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து இந்தத் தவளைக்காரர்தான் அதைத் தூக்கி நிறுத்தினார். முதல் அங்கம் முடிந்து திரை விழுந்ததும் அரங்கில் சத்தமே இல்லை. தோற்றுவிட்டோம் என்று மேடையில் நடிகர்கள் அழுகிற நிலையில் இருந்தபோது கைதட்டல் வெடித்தது. கலை அரங்கின் திரையில் இன்றும் கடற்பறவைதான் சின்னம்.

நிஜத்தைத் தேடுவதில் அவர் எல்லை மீறியது உண்மை. வீடற்றவர்களைப் பற்றிய கார்க்கியின் நாடகத்துக்காக 1902-இல் குழுவை, மாஸ்கோவில் ஏழைகள் ஒண்டிய கிட்ரோவ் சந்தையின் இரவு விடுதிகளுக்கே கூட்டிப்போனார்கள். வழிகாட்டி, பத்திரிகையாளர் கில்யாரோவ்ஸ்கி. அங்கே விடுதிக்காரர்கள் ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரங்க வடிவமைப்பாளர் சீமவ் அந்தப் படம் சரியில்லை என்று ஏதோ சொல்லிவிட்டார். பாட்டிலும் ஸ்டூலும் தலைக்குமேல் எழுந்துவிட்டன. கில்யாரோவ்ஸ்கி அவர்களே வியந்துபோகும் அளவுக்கு ஒரு வசவை எடுத்துவிட்டுத்தான் சீமவின் மண்டையைக் காப்பாற்றினாராம். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே இதை எழுதியிருக்கிறார். நாடகத்தைப் பற்றிய எந்தப் பேச்சையும்விட அந்தப் பயணம்தான் தன் கற்பனையை எழுப்பியது என்றும் எழுதியிருக்கிறார்.

என் சொந்த அனுபவம் என்று தனியாக ஒன்றும் இல்லை. நான் பார்வையாளன்.

சாக்பீஸ்

பள்ளியில் நாடக வகுப்பு எடுக்கிறேன், ஒன்பதாம் வகுப்பு. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி புத்தகத்தில் அந்தப் புரூச் பயிற்சி நினைவிருக்கும்: திரைமடிப்பில் குத்திய புரூச்சைத் தேடச் சொன்னதும் மாணவி மேடையில் ஓடி, தலையைப் பிடித்து, தவித்து ஒரே ஆர்ப்பாட்டம் செய்வாள், புரூச் எங்கே என்று கேட்டால், அட, அதை மறந்தேபோனேனே என்பாள். கிடைக்காவிட்டால் பள்ளியில் இடமில்லை என்றதும்தான் நிஜமாகத் தேடுவாள்.

நான் ஒரு பையனிடம் சாவி தேடச் சொன்னேன். நெற்றியில் கைவைத்து எட்டிப்பார்த்தான், பெஞ்சுக்கு அடியில் புலிபோலப் பாய்ந்தான், வகுப்பே சிரித்தது. பிறகு, ‘தம்பி, அது உங்க அண்ணனோட பைக் சாவிடா, காலையில என்கிட்ட குடுத்துட்டுப் போனார், நிஜமாவே காணோம்’ என்றேன். பையன் சிரிப்பை நிறுத்தினான். நகரவே இல்லை முதலில். மேசையை மட்டும் பார்த்தான். அப்புறம் போய் என் வருகைப் பதிவேட்டைத் தூக்கி, கீழே பார்த்து, வைத்த இடத்திலேயே நேராகத் திருப்பிவைத்தான். அந்த நேராக வைத்தது! எந்த டைரக்டர் சொல்லிக்கொடுத்தும் வராது. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

பின்வரிசை சார், உங்கள் ஆஸ்ட்ரோவ் வரைபடத்தில் ஊர்ப்பெயர் வாசித்தாரே, அவர் சாவி தேடியிருக்கிறார்.

பின்வரிசை

சாக்பீஸ் சொல்வது கிட்டத்தட்ட சரி, முழுக்க இல்லை. பையன் சாவி காணாமல் போனதாக நம்பினான். ஆஸ்ட்ரோவுக்கு ஆப்பிரிக்காவில் ஒன்றும் வேண்டியதில்லையே.

மேடைமணி

வேண்டியது அறையைவிட்டுப் போகாமல் இருக்க ஒரு சாக்கு. அதைத்தான் தேடினார். 1930-களில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பிடித்துக்கொண்ட வழியும் இதுதான். 1928-இல் கலை அரங்கின் முப்பதாம் ஆண்டு விழாவில் ‘மூன்று சகோதரிகள்’ காட்சி நடித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு. அதற்குப்பின் மேடை ஏறவில்லை. லியோன்தியேவ்ஸ்கி சந்து வீட்டுக்கே நடிகர்களை வரவழைத்து ஒத்திகை நடத்தினார். அங்கே, என்ன உணர்கிறாய் என்ற கேள்வி பின்னுக்குப் போய், இந்த நிமிடத்தில் என்ன செய்கிறாய் என்பது முன்னுக்கு வந்தது. செயலைச் சரியாகப் பிடித்தால் உணர்ச்சி தானாகப் பின்னால் வரும் என்பது கணக்கு. அங்கே கடைசியாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ‘தார்த்யூஃப்’. 1938-இல் அவர் இறந்தபின் மாணவர்கள்தான் அதை முடித்து மேடையேற்றினார்கள்.

இன்னும் பின்னால் போகவேண்டுமானால் ஷ்செப்கின். பண்ணையடிமையாகப் பிறந்த நடிகர். 1810-இல் ஒரு இளவரசர் பொழுதுபோக்காக நடித்ததைப் பார்த்து, இவருக்கு நடிக்கவே தெரியவில்லை, சும்மா பேசுகிறாரே என்று முதலில் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் மேடையில் வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் அதேபோலப் பேசிப்பார்த்தால் வரவில்லை. வெகுநாள் கழித்து ஒரு மோலியேர் ஒத்திகையில், களைத்துப்போய் வசனத்தை ஒப்புக்குச் சொல்லும்போதுதான் சில வார்த்தைகள் அப்படி வந்து விழுந்ததாம்.

நிழல்

அக்காவுக்கு நன்றி. தோழர், உங்கள் வரலாறு பயனுள்ளதுதான், ஆனால் ‘அது ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே இல்லை’ என்று சொல்லிவிட்டால் அந்த வராந்தா காலியாகிவிடாது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி, எனக்கு அந்த அழுகை அப்போது பிரமாதமாகத் தெரிந்தது. சாக்பீஸ் சொன்ன பையனோடு ஒப்பிட்டால், அவள் அந்தக் கல்யாண வீட்டுச் சண்டையில் எதையும் தேடவில்லை. எதிரில் நின்றவனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. என் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது.

அவள் நடிப்பை விட்டுவிட்டாள். இப்போது டப்பிங் பேசுகிறாள். நன்றாகவே பேசுகிறாள்.

தாடித் தோழர்

டப்பிங் என்றால் குரல் பயிற்சி இன்னும் முக்கியம். காலையில் வெந்நீர்.

ஒலிப்பெட்டி

மேடைமணி அண்ணா, தூக்கி நிறுத்தினார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூக்கு மூக்குதான். எங்கள் சில்வண்டு டைரக்டர் இப்போது டிவி சீரியல் எடுக்கிறார். போன வாரம் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சென்னை அடுக்குமாடி வீடு, எட்டாவது மாடி, ஏசி ஓடுகிறது, ஜன்னல் மூடியிருக்கிறது. பின்னணியில் சில்வண்டு.